குவாந்தோ மரத்தடியில் தெல்ஃபா

தெல்ஃபா தோவாபந்தா காமிராப் பெட்டிகளோடு எங்கள் மலைக்கு ஏறி வந்தபோது மழைக்காலம் பாதி போயிருந்தது. என் உருளைக்கிழங்கு வயலின் ஓரத்தில் குவாந்தோ மரங்கள் நிற்கின்றன. சிவப்பும் மஞ்சளுமாக நீளக் குழல் போன்ற பூக்கள், தலைகீழாகத் தொங்கும். ரீங்காரச் சிட்டுகளை நாங்கள் கிந்தே என்போம். அந்தக் குழலின் அடிவரை அலகை விட்டுக் குடிக்க ஒரே ஒரு வகைக் கிந்தேவுக்குத்தான் முடியும். அதன் அலகு உடம்பைவிட நீளம். அது தேன் குடிப்பதை மிக மெதுவாக ஓடும் படமாக எடுக்க வேண்டும் என்று தலைநகர் கித்தோவில் இருக்கும் கம்பெனி அவளை அனுப்பியிருந்தது.

தெல்ஃபா என் மகனுக்கு ஞானத்தாய். அதனால் நாங்கள் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றே கூப்பிடுவோம். அடிவாரத்து ஊரில் அவள் முன்பு கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். எல்லார் கையிலும் போன் வந்தபிறகு கல்யாணத்துக்கு யாரும் அவளைக் கூப்பிடவில்லை. "மாப்பிள்ளையோட சித்தப்பா வரட்டும்னு மணிக்கணக்கா நின்னவ நான். பறவைக்கு நிக்க மாட்டேனா?" என்று சொல்லித்தான் இந்த வேலையில் சேர்ந்தாளாம்.

விளக்குப் பிடிக்க அவளோடு வந்தவர் ஒல்மேதோ. அவள் புருஷன்தான். கீழே சமவெளியில், சாந்தோ தொமிங்கோ ஊரில் வேறொருத்தியோடு இரண்டு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர். தெல்ஃபா வீட்டுக்குள் விடவில்லை. வேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டாள். அந்தப் பெரிய விளக்குகளை நனையாமல், பறவை மிரளாமல் நிறுத்தத் தெரிந்த வேறு ஆள் இந்தப் பக்கத்தில் இல்லை. அதுவரை 'நீ' என்றவள், பிரிந்த நாளிலிருந்து அவரை அந்நியர்போல 'நீங்க' என்றுதான் கூப்பிட்டாள். திட்டியிருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மரத்தடியில் தார்ப்பாயால் ஒரு சின்னக் கூடாரம். உள்ளே இரண்டு முக்காலிகள், நடுவில் காமிரா. தோள் இடிக்காமல் உட்கார முடியாது. பொழுது விடிந்தால் உட்காருவார்கள், மூடுபனி வந்து பூவை மறைத்தால் எழுந்திருப்பார்கள். அப்படியே வாரங்கள் போயின. மதியத்துக்கு நான் லோக்ரோ என்ற உருளைக்கிழங்கு சூப்பு கொண்டுபோவேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக் குடிப்பார்கள்.

பெரிய தொல்லை கறுப்பாக ஒரு குருவி. அதற்குக் குழலுக்குள் எட்டாது. பூவின் மேல்முனையில் துளை போட்டுத் தேனைத் திருடிவிடும். அப்புறம் கிந்தே வந்தால் வெறும் பூ. அலகை விட்ட வேகத்தில் எடுத்துக்கொண்டு போய்விடும். அதனால் நல்ல பூக்களுக்கெல்லாம் ஒல்மேதோ கொசுவலையில் பை தைத்துக் கட்டினார். தேன் ஊறியபின் காலையில் ஒரு பூவை மட்டும் அவிழ்த்துவிடுவார்.

"பொண்டாட்டியைக் கட்டிக் காக்கத் தெரியலை, பூவைக் காக்கிறாரு பாரு கொமாத்ரே" என்றாள் தெல்ஃபா ஒருநாள், அவர் காது கேட்கவே.

"பூவாவது பை வேண்டாம்னு சொல்லலையே" என்றார் அவர், ஏணியில் நின்றபடி.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. அவளுக்குச் சிரிக்கத் தெம்பில்லை என்றுதான் நினைக்கிறேன். முழங்கால் வீங்கியிருந்தது. ராத்திரி என் வீட்டுப் பின்கட்டில் படுத்தால் இருமல் தூங்கவிடாது. முகம் அவித்த கிழங்குபோல வெளுத்துக் கிடந்தது.

அந்தக் காமிராவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடைசியாக நடந்த சில நொடிகள் மட்டும்தான் அதன் நினைவில் இருக்கும். பறவை வந்து, குடித்து, போனபிறகு பொத்தானை அழுத்த வேண்டும். உடனே அழுத்தினால் அந்த நொடிகள் தங்கும். பிறகு திரையில் ஒரு நொடி ஒரு நிமிஷமாக விரியும். அழுத்தாமல் விட்டால் அடுத்த நொடிகள் வந்து அவற்றை அழித்துவிடும். தெல்ஃபாவின் கட்டைவிரல் எந்நேரமும் அந்தப் பொத்தான்மேலேயே இருந்தது. ஒல்மேதோ அதைத் தொடக் கூடாது என்பது முதல் நாளே போட்ட சட்டம்.

அன்று வெயில் அடித்தது, எங்கள் பக்கத்தில் அபூர்வமாக. நான் சூப்புப் பானையோடு கூடாரத்தின் பின்பக்கம் போய்த் துணியை விலக்கினேன். தெல்ஃபா தூங்கிக்கொண்டிருந்தாள். தலை ஒல்மேதோவின் தோளில் சாய்ந்திருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது. அவர் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பேசாதே என்று கண்ணால் சொன்னார்.

அப்போது கிந்தே வந்தது.

பூவுக்கு நேர் கீழே, வெயிலில், அந்தரத்தில் நின்றது. அலகை மேலே தூக்கிக் குழலுக்குள் முழுசாக விட்டது. இறகு மினுங்கியது, தொண்டை அசைவதுகூட எனக்குத் தெரிந்தது. வாரக்கணக்காகக் காத்திருந்தது இதற்குத்தான். கொஞ்சம் பின்வாங்கி, மறுபடி குடித்தது. பிறகு போய்விட்டது.

ஒல்மேதோ அசையவில்லை. பொத்தான் அவர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. கையை நீட்டியிருந்தால் தோள் அசைந்திருக்கும், அவள் விழித்திருப்பாள். கையில் பானையோடு நான் மரமாக நின்றேன்.

சற்று நேரம் கழித்து அவள் தானாக விழித்தாள். தலை எங்கே இருந்தது என்று புரிந்ததும் சட்டென்று விலகினாள். "வந்துச்சா?"

அவர் பொய் சொல்லியிருக்கலாம். "வந்துச்சு. நல்லா குடிச்சுது. போயிடுச்சு" என்றார்.

"எழுப்பலையா?"

"எழுப்பலை."

"பொத்தானை அழுத்த வேண்டியதுதானே! கை இல்லையா உனக்கு?" கோபத்தில் 'நீ' வந்துவிட்டது.

"நீ இப்படித் தூங்கிப் பாத்து எத்தனையோ காலமாச்சு. மனசு வரலை."

"தூங்க வைன்னு உன்கிட்ட நான் கேட்டேனா? முழங்காலை ஒடிச்சுக்கிட்டு இங்க உக்காந்திருக்கிறது தூங்கவா?"

அவர் குனிந்து விளக்கின் ஒயரைச் சரிசெய்தார். பிறகு, எப்படித்தான் தைரியம் வந்ததோ, "குவாந்தோவுக்கடியில தூங்கினா புத்தி மாறிடும்னு சொல்வாங்க" என்றார்.

"யாருக்கு? தூங்கினவளுக்கா, பக்கத்துல உக்காந்திருந்தவனுக்கா?"

அவரைத் துரத்திவிடுவாள் என்று நினைத்தேன். அவள் என் பானையிலிருந்து ஒரு கிண்ணம் சூப்பு ஊற்றிக்கொண்டாள். "சண்டை போடவும் உடம்புல கொஞ்சம் தெம்பு வேணும் கொமாத்ரே" என்று சொல்லிவிட்டுக் குடிக்கத் தொடங்கினாள். கண்ணீர் சூப்புக்குள் விழுந்தது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

அதற்குப் பிறகு வெயில் வரவில்லை. கிந்தே இரண்டு தடவை வந்தது, இரண்டு தடவையும் மூடுபனிக்குள். படத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு நிழல்தான் விழுந்தது. கடைசியில் கம்பெனி இஞ்சினியர் பரேதெஸ் தன் வண்டியில் ஏறி வந்தார். கொலம்பியாவில் வேறொரு குழு எடுத்துவிட்டதாம், இனிமேல் இங்கே உட்கார்ந்து பயனில்லையாம்.

"இத்தனை நாள்ல ஒரு நல்ல வெயில் கூடவா கிடைக்கலை, தெல்ஃபாம்மா?" என்று கேட்டார்.

ஒல்மேதோ வாயைத் திறக்கப் போனார். அதற்குள் தெல்ஃபா முந்திக்கொண்டாள். "கிடைச்சுது, இஞ்சினியர். பறவையும் வந்துச்சு. நான் தூங்கிட்டேன்."

பரேதெஸ் ஒல்மேதோ பக்கம் கையைக் காட்டினார். "இவரு கூட இருந்தாரே?"

"அவருக்கு விளக்குதான் வேலை. காமிரா என்னுது."

கூடாரத்தைப் பிரித்தார்கள். ஒல்மேதோ ஏணி போட்டுப் பூக்களிலிருந்து எல்லாப் பைகளையும் அவிழ்த்தார். இறங்குவதற்குள் அந்தக் கறுப்புக் குருவிகள் கூட்டமாக வந்து சேர்ந்தன.

அந்த வருஷம் கம்பெனி அவளை மறுபடி கூப்பிடவில்லை. ஊருக்குப் போய்ப் படுத்தவள் பல நாள் எழுந்திருக்கவே இல்லை என்று கேள்விப்பட்டேன். காய்ச்சலாம். கதவுக்கு வெளியே யாரோ தினமும் விறகும் ரொட்டியும் வைத்துவிட்டுப் போனார்களாம். யார் என்று தெருவுக்கே தெரியும்.

கார்னிவல் சமயத்தில் அவளைப் பார்க்கப் போனேன். தெருவெல்லாம் தண்ணீரும் நுரையும் வீசிக்கொண்டிருந்தார்கள். நான் நனைந்துபோய்ப் படியேறினேன். தெல்ஃபா அடுப்பங்கரையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே ஸ்பெயினில் இருக்கும் மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். முகத்தில் கொஞ்சம் ரத்தம் வந்திருந்தது. களைப்பு போகவில்லை.

"அப்பா வீட்டுக்கு வந்துட்டாரான்னு கேக்குறியா?" என்று மகளிடம் சொன்னாள். "உங்கப்பாவோட ரப்பர் பூட்ஸ் வாசல்ல கிடக்கு. இப்போதைக்கு அவ்வளவுதான். அதுக்கு மேல கேக்காதே, எனக்கே தெரியாது."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அடுத்த மாசம் கீழ்ப் பள்ளத்தாக்குல ஒரு வேலை கேட்டிருக்காங்க கொமாத்ரே. சின்னக் கிந்தேதான். போகலாமான்னு பாக்குறேன், வேண்டாம்னும் பாக்குறேன்."

"முழங்கால் என்ன சொல்லுது?"

"அது எப்பவும் சொல்றதைத்தான் சொல்லுது" என்றாள். பிறகு இன்னொரு கத்தியைத் தேடி எடுத்து என்னிடம் நீட்டினாள்.