பதினோரு பர்சென்ட்டில் பெண் பார்க்கப் போனோம்

போன சனிக்கிழமை மகனுக்குப் பெண் பார்க்கப் போனோம். வ. புதுப்பட்டியில் பெண். ராஜபாளையத்திலிருந்து எங்கள் மின்சாரக் காரில் பூ, பழம், பட்டு வேட்டி சகிதம் புறப்பாடு. இதற்கு முன் மூன்று இடம் தட்டிப் போயிருந்தது. இதுவாவது அமையணுமே என்று என் மனைவி செல்வி ஏறி இறங்காத கோயில் இல்லை.

என் கார் புராணம் ஊருக்கே தெரிந்ததுதான். மொட்டை மாடியில் சோலார், கீழே கார், பெட்ரோல் செலவில்லை, புகையில்லை... கேட்டுக் கேட்டுச் சலித்து, தெருக்காரர்கள் பாதிப் பேர் என்னைக் கண்டாலே அடுத்த சந்தில் திரும்பிவிடுகிறார்கள். இதில் எனக்கொரு வீம்பு வேறு - சொந்த வெயிலைத் தவிர வேறு கரண்ட்டைக் காருக்குக் காட்டமாட்டேன். அந்த வாரம் பார்த்து மூன்று நாள் மேகமூட்டம். கிளம்பும்போது முப்பத்தைந்து பர்சென்ட். போக வர இது போதாதா? தாராளம் என்றேன்.

தாய்மாமன் இல்லாமல் பெண் பார்க்கப் போக முடியுமா? மச்சினன் முருகேசனை ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஏற்றிக்கொள்வதாக ஏற்பாடு. போனால், அங்கே மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. சாயங்காலம்தான் கரண்ட் வருமாம். ஒரு அண்டா அரிசியை ஊறவைத்துவிட்டு, மச்சினன் மனைவி கிரைண்டர் முன்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். பேப்பரில் அறிவிப்பு போட்டிருந்தார்களாம். யார் பார்த்தது?

நான் பேசாமல் இருந்திருக்கலாம். என் வாய் இருக்கிறதே... இந்தக் கார் கரண்ட்டைக் குடிக்க மட்டுமில்லை, திருப்பியும் கொடுக்கும் என்று சொல்லி, ஒயரை இழுத்து மாட்டிவிட்டேன். கிரைண்டர் கடகடவென்று சுற்றியது. மச்சினன் மீசையை முறுக்கிக்கொண்டு வாசலில் நின்று, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் "எங்க அத்தான் கார்" என்றான்.

அடுத்த பத்தாவது நிமிடம் எதிர்வீட்டு அயர்ன் பாக்ஸ் வந்தது. பொறவு பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார். பின்னாலேயே இண்டக்‌ஷன் அடுப்பு. ஒருவர் மீன் தொட்டியையே தூக்கிக்கொண்டு வந்தார். மீனுக்கு மூச்சு முட்டுகிறதாம். மனிதனிடம் இல்லை என்று சொல்லிவிடலாம்... மீனிடம் எப்படிச் சொல்வது?

ஊரெல்லாம் இப்படி கார்கள் இருந்தால் பகல் வெயிலைப் பிடித்து வைத்து, தேவைப்படும்போது வீடுகளுக்குத் தரலாம், நிலக்கரி எரிப்பது குறையும் என்கிறார்கள். நிச்சயம் நடக்கும். ஆனால் சொந்தபந்தத்திடம் 'போதும்' என்று சொல்வதற்கும் அந்தக் காரில் ஒரு ஸ்விட்ச் வைக்க வேண்டும்.

செல்வி இரண்டு தடவை வந்து கடிகாரத்தைக் காட்டினாள். மூன்றாவது தடவை, "பொண்ணு பாக்க வந்தமா, மாவாட்ட வந்தமா?" என்றாள். ஒயரைப் பிடுங்கிவிட்டுத் திரையைப் பார்த்தேன். பதினோரு பர்சென்ட். போய்ச் சேர்ந்துவிடும். திரும்பி வராது.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஏசியை மட்டும் அணைத்தேன். கண்ணாடியை இறக்கினால் தூசி, ஏற்றினால் புழுக்கம். மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்த மகன் போய் இறங்கும்போது, குளித்துவிட்டுத் துவட்டாமல் வந்தவனாக இருந்தான்.

பெண்ணின் அப்பா தென்னந்தோப்புக்காரர், தங்கமான மனிதர். கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "உங்க பக்கம் ஏதும் எதிர்பாக்கீயளா? மனசுல உள்ளதச் சொல்லிருங்க" என்றார்.

என் கண் வந்ததிலிருந்தே சுவரைத்தான் மேய்ந்துகொண்டிருந்தது. மனதில் உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

"ஒரு பதினாறு ஆம்ப்ஸ் பிளக் பாயிண்ட் இருந்தாப் போதும்."

மச்சினன் பஜ்ஜியை வாய்க்குப் பாதி வழியில் நிறுத்திவிட்டான். செல்வி முகத்தை நான் பார்க்கவில்லை, தைரியமில்லை. நாலாவது இடமும் போச்சு, போகிறதுக்குக் காரணமும் நானே என்று நினைத்துக்கொண்டேன்.

காபித் தட்டோடு வந்த பெண், கவிதா, தட்டைக் கீழே வைத்தாள். வெட்கப்படவுமில்லை, சிரிக்கவுமில்லை.

"மாமா, இங்கன உள்ள பிளக்கு தாங்காது. மோட்டார் ரூம்ல பெருசு இருக்கு, அதுல போடுங்க" என்றாள்.

போட்டோம். வழக்கமாக மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு, 'போய்க் கலந்து பேசிச் சொல்லி அனுப்புறோம்' என்பார்கள். நாங்கள் போனால்தானே சொல்லி அனுப்ப? மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். தேங்காய் விலை பேசினோம், மழை பேசினோம், இரண்டாம் ஈடு பஜ்ஜியும் முடிந்தது. மகன் மட்டும் அடிக்கொரு தரம், சார்ஜ் பார்த்துட்டு வாரேன் என்று மோட்டார் ரூமுக்குப் போனான். கவிதாவும் அவள் தங்கையும் துணைக்குப் போனார்கள். கடைசித் தடவை போனவன் முக்கால் மணி நேரம் பார்த்தான். அத்தனை நேரம் பார்க்க அதில் என்ன இருக்கிறது? ஒரு நம்பர்தான் இருக்கிறது.

முப்பது தாண்டியதும் எழுந்தேன். பெண்ணின் அப்பா, "அப்ப... சொல்லி அனுப்புதீயளா?" என்றார் தயங்கித் தயங்கி.

பிளக் பாயிண்ட் பேச்சுக்குப் பிறகு வாயே திறக்காத செல்வி, அப்போது திறந்தாள்.

"சொல்லி அனுப்ப என்ன இருக்கு? ஒங்க மக அப்பமே மாமான்னு கூப்ட்டுட்டாளே."

ஆவணியில் கல்யாணம். வேறு எந்த நிபந்தனையும் இல்லை - முகூர்த்தத்தன்று கார் மடவார் வளாகம் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது, அவ்வளவுதான்!