கேக்கின் மேல் வைத்த பழம்

கேக் கடையின் பின்பக்கத்தில் அவளுக்குப் பெயர் கிரீமக்கா. கூம்புப் பையில் கிரீமை நிரப்பி, கேக்கின் விளிம்பில் பூவும் கொடியும் பிழிவது அவள் வேலை. ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "எல்லாரும் கேக்குதான் கேட்டாங்க, என்னை யாரும் கேக்கல" என்று சொல்லித் தானே முதலில் சிரித்துவிடுவாள். அதற்கு மேல் கேட்க யாருக்கும் வாய் வராது.

மூன்றாவது மாடியில் ஓர் அறை, சிறிய சமையலறை. சொந்தம் என்று இருந்தது தங்கையும் தங்கை மகளும்தான். அந்தப் பெண்ணின் கல்யாண வரவேற்புக்குக் கேக் தன் பொறுப்பு என்று அவளே வலியச் சொன்னாள்.

"பெரியம்மா, மேல ராஸ்பெர்ரி வெச்சுக் குடுங்க. செவசெவன்னு இருக்கணும்."

அந்தப் பழம் வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வருவது. விரலால் அழுத்தினாலே கசிந்துவிடும். ஒவ்வொன்றாகத் தண்ணீரில் அலசி, துணியில் பரப்பி உலர்த்தி, கேக் முழுக்க அடுக்கினாள். மிஞ்சிய ஒரு டப்பாவை வீட்டுக்கு எடுத்துப்போய், அன்று இரவுச் சாப்பாடாக அதையே தின்று முடித்தாள்.

வரவேற்பில் கேக்கை வெட்டிக் கொடுத்ததும் அவள்தான். வரிசை தீர்ந்தபோது தட்டும் காலியாகிவிட்டது. கத்தியைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு, புகைப்படம் எடுக்கக் கூப்பிடுவார்களோ என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வீடு திரும்பினாள்.

ஒரு வாரம் போயிருக்கும். தங்கை போன் செய்தாள். எடுத்தவுடன் பொரிந்தாள்.

"மாப்பிள்ளை வீட்டுல பாதிப் பேரு வயித்தப் புடிச்சிக்கிட்டுக் கெடக்குறாங்க. பொண்ணு எழுந்திரிக்கவே இல்ல. கேக்கு சாப்பிட்டவங்களுக்குத்தான் வந்திருக்காம். அக்கா, நீ கையக் கழுவினியா இல்லையா?"

அப்போது கிரீமக்கா குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். காலையிலிருந்து எத்தனை முறை போய் வந்தாள் என்பது அவளுக்கே தெரியாது. 'எனக்கும்தான்டி' என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்தாள். இவளுக்கு முன்னாடியே இருந்திருக்கிறது, இவள்தான் எல்லோருக்கும் கொடுத்திருக்கிறாள் என்று முடிவு கட்டிவிடுவார்கள். வாயை மூடிக்கொண்டாள்.

விஷயம் கடைக்கும் எட்டியது. முதலாளி முகத்தைப் பார்க்காமலே, "கொஞ்ச நாள் வீட்ல இருங்கக்கா" என்றார்.

வீட்டில் இருந்தாள். வயிற்றுப்போக்கு நின்றதுபோல் இருக்கும், மறுபடி பிடித்துக்கொள்ளும். சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டியது. மோதிரம் விரலில் நிற்காமல் கழன்று விழுந்தது. டாக்டரிடம் போனால் பரிசோதனை செய்வார்கள், ஊருக்குத் தெரிந்துவிடும் என்று போகவில்லை. பக்கத்து வீட்டு டிவியில் யாரோ பேசுவது சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். அது அணையும்போது அறை இன்னும் பெரிதாகிவிட்டதுபோல் தோன்றும். போன் அடிக்கவே இல்லை.

சுகாதாரத் துறையிலிருந்து ஒரு பெண் அதிகாரி ஒருநாள் படியேறி வந்தார். மேஜைமேல் கிடந்த உப்புச் சர்க்கரைப் பொட்டலங்கள் அவர் கண்ணில் பட்டன.

"உங்களுக்கும் உடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்று பொட்டலங்களை அள்ளி ஒதுக்கினாள். "நான் யாருக்கும் குடுக்கலம்மா. சத்தியமா கையக் கழுவினேன்."

அதிகாரி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "இது ஒரு ஒட்டுண்ணி. கண்ணுக்குத் தெரியாது. ஒருத்தர் உடம்புலேருந்து வெளிய வந்தவுடனே அடுத்தவங்களுக்குத் தொத்தாது. வெளிய பல நாள் கெடந்து முத்தினாத்தான் நோய் குடுக்கும். கேக்கு செஞ்சது முந்தின நாள்தானே? உங்க கையால வந்திருக்க முடியாது."

கிரீமக்கா அவர் முகத்தையே பார்த்தாள். அதை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்கலாமா என்றிருந்தது.

"கேக்குல எதனாலன்னுதான் புரியல. கிரீமா, பழமா, எல்லாரும் சேத்துத்தான் சாப்பிட்டிருக்காங்க. நீங்க எவ்ளோ சாப்பிட்டீங்க?"

"எனக்கு ஒரு துண்டுகூட மிஞ்சலம்மா."

"அப்ப கிரீம்? செய்யும்போது ருசி பாத்தீங்களா?"

"கிரீம வாயில வெக்க மாட்டேன். பார்த்துப் பார்த்தே சலிச்சுப் போச்சு. பழம்தான் தின்னேன். மிஞ்சின டப்பா. இங்கதான், தனியா உக்காந்து."

அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். "பழத்தை மட்டும் சாப்பிட்டவங்க நீங்க ஒருத்தர்தான்க்கா. நல்லவேளை சொன்னீங்க."

அவரே டாக்டரிடம் அழைத்துப்போனார். மாத்திரை கேட்டது. வேறு ஊர்களிலும் அதே பழத்தைத் தின்றவர்கள் படுத்திருப்பது சில நாளில் தெரியவந்தது. எல்லாம் ஒரே தோட்டத்துச் சரக்கு. தண்ணீரில் அலசினாலும் அந்த ஒட்டுண்ணி முழுசாகப் போகாதாம். அந்தப் பழத்தை இறக்குவதை நிறுத்தினார்கள். செய்தியில் சொன்னார்கள்.

அதைக் கேட்டுத் தங்கை வந்தாள். கதவருகே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். "பழத்துலதான்னு சொல்லிட்டாங்க. நான் ஏதோ கோவத்துல..."

"விடு."

"உனக்கும் வந்துச்சாமே? யார்கிட்டயும் சொல்லலையே?"

"யார்கிட்ட சொல்றது?"

தங்கை பேச்சை மாற்றினாள். பெண் தேறிவிட்டாள், மாப்பிள்ளை வீட்டில் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கொடுத்த தண்ணீர் அப்படியே இருந்தது. தாகமில்லை என்றாள். போகும்போது, "ஒருநாள் வீட்டுக்கு வாக்கா" என்றாள். எந்த நாள் என்று சொல்லவில்லை.

முதலாளி திரும்பக் கூப்பிட்டார். பழைய இடம், பழைய வேலை. எல்லோரும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். சாப்பாட்டு வேளையில் மட்டும் அவள் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

ஒருநாள் மத்தியானம் அந்த அதிகாரிக்குப் போன் செய்தாள். திராட்சையை எப்படிக் கழுவ வேண்டும் என்று சந்தேகம் கேட்டாள். அவர் பொறுமையாகச் சொன்னார். சொல்லிவிட்டு, "உடம்பு எப்படியிருக்கு? நல்லா சாப்பிடுறீங்களா?" என்றார்.

"சாப்பிடுறேம்மா."

"வேற ஏதாவது கேக்கணுமா?"

அந்தப் பக்கம் யாரோ அவரைக் கூப்பிடுவது கேட்டது. கிரீமக்கா ஏதோ சொல்ல வாயெடுத்து, "வேற ஒண்ணுமில்லம்மா, நீங்க வேலையப் பாருங்க" என்று போனை வைத்தாள்.