பத்து மணி டீ

போன வருஷத்துக்கு முந்தின மார்கழி. அயனம்பாக்கம் ஏரியை ஒட்டியிருக்கிற எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்தது இது.

அந்த மார்கழி முழுக்க இப்போது நினைத்தால் ஒரு நீளமான கனவு மாதிரித்தான் இருக்கிறது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து, ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, அப்போதுதான் வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தோம். இடது பக்கம் அசையவில்லை. விழுங்க முடியாது என்பதால் மூக்கு வழியாகக் குழாய் போட்டு அனுப்பியிருந்தார்கள். கஞ்சி, பால், பொடித்த மாத்திரை எல்லாமே அதில்தான். அப்பா எப்போதும் பாதித் தூக்கத்தில் இருப்பார். கண் திறந்தாலும் எங்களைத் தாண்டி வேறு எதையோ பார்த்துக்கொண்டிருப்பார். ஆவடியில் ராணுவ வண்டிகள் செய்கிற ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். நடுநடுவே குழறிக் குழறி, "ஷிஃப்டு முடிஞ்சிட்டா?" என்று மட்டும் கேட்பார். முடிந்துவிட்டது என்று சொன்னால் திரும்பக் கண்ணை மூடிக்கொள்வார்.

வீட்டில் நானும் அம்மாவும்தான். எனக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. ஒரு பக்கம் லேப்டாப்பில் மீட்டிங் ஓடும். ஜன்னலுக்கு வெளியே ஏரி மேல் பனி நிற்கும், அதற்குள்ளிருந்து நாமக்கோழிகள் கத்தும். அடுப்படியில் அம்மா கஞ்சி வடிகட்டுவாள். தூக்கம் கெட்டுப்போய் எனக்கு இது மூன்றும் ஒன்றாகக் கலந்துவிட்டது. ஒருநாள் மீட்டிங்கில் மேனேஜர் என் பேரைக் கூப்பிட்டு ஏதோ கேட்க, நான் "வடிகட்டிட்டேன் சார்" என்று சொல்லியிருக்கிறேன். அவரும் நல்ல மனுஷன், "குட்" என்றார்.

எங்களை ஆட்டிப் படைத்தது அந்தக் குழாய்தான். அப்பா அதைப் பிடுங்கிவிடுவார். வலது கை நன்றாக இருந்ததால் சுலபமாக இழுத்துவிடுவார். உடனே ஆம்புலன்ஸ், பூந்தமல்லி ரோடு நெரிசல், ஆஸ்பத்திரி. இரண்டு பேர் அவரைப் பிடித்துக்கொள்ள மறுபடி குழாயை ஏற்றுவார்கள். அப்போது அப்பா கண்ணிலிருந்து தண்ணீர் வழியும். நான் திரும்பி நின்றுகொள்வேன். இரண்டாவது தடவை டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இப்படியே பிடுங்கிக்கொண்டிருந்தால் வயிற்றில் துளை போட்டு நேராக அங்கேயே குழாய் வைப்பதுதான் நல்லது என்று சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அம்மாவுக்கு அது வேறு மாதிரிக் கேட்டது. "அப்ப வாயால ஒரு வாய் சோறு திங்காமலே போயிருவாகளோ?" என்று ஆம்புலன்ஸில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள்.

அதற்கப்புறம் அப்பாவின் வலது கைக்குப் பழைய துண்டைத் தைத்து ஒரு உறை மாதிரிப் போட்டோம். அப்படியும் ஒருநாள் காலையில், அம்மா குக்கரை இறக்கிவிட்டு வருவதற்குள், உறையோடு சேர்த்துக் குழாயும் தரையில் கிடந்தது. மணி ஒன்பதரை இருக்கும், பனி விலகி வெயில் அப்போதுதான் ஏரியில் விழ ஆரம்பித்திருந்தது. அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனை எடுத்தவள் நிறுத்திக்கொண்டேன். இந்தத் தடவை போனால் வயிற்றில் துளை போட்டுத்தான் அனுப்புவார்கள். வீட்டுக்கே வந்து குழாய் போட யாராவது நர்ஸ் கிடைப்பார்களா என்று எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். நாலு பேர் கும்பிடுகிற கையைப் போட்டார்கள். ஒருவர் ரோஜாப்பூவோடு குட்மார்னிங் அனுப்பினார். இன்னொருவர், அவருடைய பார்க்கிங்கில் யாருடைய கார் நிற்கிறது என்று கேட்டார். கடைசியில் கிடைத்த அடையாறு நம்பர் ஒன்றில் பேசினால், "மேடம், உங்க ஏரியா எங்க சர்வீஸ்ல வராது" என்றார்கள்.

போனைப் பிடித்துக்கொண்டே படியிறங்கிப் போயிருக்கிறேன். எதற்கு இறங்கினேன் என்று இன்றைக்கும் தெரியாது. கேட்டுக்கு வெளியே மரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருக்கிற அக்கா என்னைப் பார்த்துவிட்டாள்.

"இன்னா கண்ணு, பேய் அறஞ்சா மாரி நின்னுகினு கீறே? நைனாவுக்கு ஒடம்பு எப்டி கீது?"

சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"அட, அதுக்கு இன்னாத்துக்கு அடையாறுக்கெல்லாம் போன் போட்டுகினு கீறே? ஏரிக்கு அந்தாண்ட தெருவுலதான் சிஸ்டர் ஊடு கீது. அவங்க வெள்ளை கோட்டுக்கு நான்தான் பொட்டி போடறேன். எம்மாமியா கால்ல அம்மாம் பெரிய புண்ணு, தெனம் வந்து கட்டுப் போட்டு ஆற வெச்சாங்க. இரு, கூப்டறேன்."

இஸ்திரிப் பெட்டியை வண்டி ஓரமாக நிறுத்திவிட்டு அவளே போன் போட்டாள். இத்தனை நாளும் தினம் அந்த வண்டியைத் தாண்டித்தான் நான் போய்வந்துகொண்டிருந்தேன்.

ஸ்கூட்டியில் வந்தார் அந்த சிஸ்டர். ஹெல்மெட்டைக் கழற்றினால் நாற்பத்தைந்து வயதிருக்கும், நெற்றியில் சின்னப் பொட்டு, தோளில் ஒரு பை. பெரிய ஆஸ்பத்திரி ஐ.சி.யூ.வில் பல வருஷம் இருந்துவிட்டு, நர்ஸ் பிராக்டிஷனர் என்று மேற்கொண்டு படித்திருக்கிறாராம். இப்போது அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போய்ப் பார்க்கிறார், அந்தந்த டாக்டரிடம் போனில் பேசி அவர்கள் சொல்கிறபடி செய்கிறார். அப்படி ஒரு படிப்பு இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

வந்தவர் குழாயைப் போட்டுவிட்டுக் கிளம்புவார் என்று நினைத்தேன். அவரோ அப்பாவின் நாடி, பிரஷர் எல்லாம் பார்த்து, அவர் எங்கே வேலை பார்த்தார் என்பதுவரை விசாரித்துவிட்டு, கை உறையை எங்கள் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிட்டு, கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். சும்மா உட்கார்ந்திருந்தார். எனக்குப் பிறவியிலேயே பொறுமை கம்மி. மீட்டிங்குக்கு நேரமாகிறது, அப்பா வெறும் வயிற்றோடு இருக்கிறார், இந்தம்மா வேடிக்கை பார்க்கிறாரே என்று உள்ளுக்குள் பொருமிக்கொண்டிருந்தேன்.

அப்போது அப்பாவின் வலது கை மெல்ல எழுந்தது. தண்ணீருக்கடியில் அசைகிற மாதிரி, அவ்வளவு மெதுவாக. கட்டைவிரலும் இரண்டு விரலும் சேர்ந்து வளைந்திருந்தன. நேராக வாய்க்கு வந்தது, அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது, திரும்ப இறங்கியது.

"ஏம்மா, குழாய் எப்பவும் இந்த நேரத்துலதான் வெளிய வருதா?" என்று சிஸ்டர் அம்மாவிடம் கேட்டார்.

அம்மா யோசித்தாள். "ஆமா, எப்பவும் காலைலதான். நான் குக்கர எறக்குத நேரம்."

"அங்கிள் பிடுங்கலம்மா. டீ குடிக்கிறாரு."

எங்கள் இரண்டு பேருக்கும் புரியவில்லை.

"எங்கப்பாவும் ஃபேக்டரிதான். நாங்க ஆவடி குவார்ட்டர்ஸ்லதான் வளந்தோம். பத்து மணி டீ இல்லாம அந்த ஆளுங்களுக்கு நாளே ஓடாது. லீவு நாள்லகூட எங்கப்பாவுக்குக் கை தானா டம்ளரைத் தேடும். இவரு டம்ளரைத் தூக்கறாரு, வழியில குழாய் மாட்டிக்குது, அவ்ளோதான்."

அடுப்படியிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கேட்டு வாங்கி, காலியாகவே அப்பா கையில் கொடுத்தார். விரல்கள் அதைச் சுற்றி மூடிக்கொண்டன. அப்பா டம்ளரை மெல்ல வாய்க்கருகே கொண்டுபோனார். உதட்டைக் குவித்தார். பிறகு ஊதினார். காலி டம்ளரை, சூடு ஆறட்டும் என்று, அத்தனை அக்கறையாக ஊதினார். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கேக்கறாருல்ல, குடிக்க முடியுமான்னு பாத்துடலாம்" என்றார் சிஸ்டர். டாக்டருக்குப் போன் போட்டு, அப்பா இருமுவது எப்படி, குரல் எப்படி, எல்லாம் விவரமாகச் சொல்லி அனுமதி வாங்கினார். தலையணைகளை அடுக்கி அப்பாவை நிமிர்த்தி உட்கார வைத்தார். தொண்டைக்கு வெளியே இரண்டு விரலை வைத்துக்கொண்டு ஒரே ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்தார்.

அப்பா இருமினார். நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வந்துவிடும் என்று ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். போதும் சிஸ்டர், குழாயையே போட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அவர் பதறவில்லை. அப்பாவின் மூச்சு சீராகும்வரை முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். டாக்டரிடம் மறுபடி பேசினார். பிறகு அம்மாவிடம், "தண்ணியா இருந்தா சட்டுனு ஓடிடும்மா, அங்கிளால சமாளிக்க முடியல. கொஞ்சம் கெட்டியாக் குடுத்துப் பாக்கச் சொல்றாரு. ஆரோரூட் மாவு இருக்கா? டீ போடுங்க. எனக்கும் ஒரு டீ. ஃபேக்டரில யாரும் தனியாக் குடிக்க மாட்டாங்க" என்றார்.

கூழ் பதத்தில் டீ வந்தது. சிஸ்டர் ஒரு வாய் குடித்தார், அப்பாவுக்கு அரை ஸ்பூன் கொடுத்தார். அப்பா வாய்க்குள் வைத்துக்கொண்டே இருந்தார். ஏரியில் நாமக்கோழி கத்தியது. மீட்டிங்கில் யாரோ என் பேரைக் கூப்பிட்டார்கள். அப்பாவின் தொண்டை மேலே ஏறி, இறங்கியது. இருமல் இல்லை. "ஆ சொல்லுங்க அங்கிள்" என்றார். குரல் தெளிவாக வந்தது. இன்னொரு அரை ஸ்பூன். அதுவும் இறங்கியது.

அப்பா எங்களைப் பார்த்தார். எங்களைத் தாண்டி இல்லை, எங்களை.

"சீனி பத்தல" என்றார்.

"இத்தன நாளா ஒண்ணுமில்லாமக் கெடந்த மனுசனுக்கு வந்த கொறையப் பாரேன்!" என்று அம்மா சத்தம் போட்டாள். போட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், சிரிக்கவும் செய்தேன்.

அன்றைக்கே எல்லாம் சரியாகிவிடவில்லை. அரை அரை ஸ்பூன் டீ வயிற்றுக்குப் போதாது என்று சிஸ்டர் குழாயை மறுபடி போட்டார். யாரும் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை, அப்பா டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தார். மறுநாள் ஆஸ்பத்திரியில் முறையாகப் பரிசோதித்துவிட்டு, டாக்டரே கொஞ்சம் கொஞ்சமாக வாய்வழியாகக் கொடுக்கச் சொன்னார், துளை வேண்டாம் என்றார். அதன்பிறகு தினமும் காலையில் குக்கரை இறக்குவதற்கு முன்னாலேயே அம்மா அந்தக் காலி டம்ளரை அப்பா கையில் கொடுத்துவிடுவாள். குழாய் ஒருநாளும் வெளியே வரவில்லை. தை பிறந்து சில நாளில் சிஸ்டரே வந்து அதை எடுத்துவிட்டார். அம்மா குழையக் குழையப் பொங்கல் வைத்து ஊட்டினாள். அப்பா அதில் உப்பு கம்மி என்றார்.

இப்போதும் சில காலைகளில் ஏரி மேல் பனி நிற்கும்போது, அப்பா ஷிஃப்டு முடிந்துவிட்டதா என்று கேட்கிறார். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து டீ குடிக்கிறோம், கீழே இஸ்திரி அக்காவுக்கும் ஒரு டம்ளர் போகிறது. அப்பா டம்ளரை வாய்க்குக் கொண்டுபோய் ஊதும்போதெல்லாம், நாங்கள் உறை மாட்டி அடக்கிய அந்தக் கை எங்கே போகிறது என்று உட்கார்ந்து பார்க்க, ஏரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் வர வேண்டியிருந்ததே என்று நினைத்துக்கொள்கிறேன்.