உயிரோடு இருந்தவருக்கு ஒப்பாரி

செந்துறைப் பக்கத்தில் ஒரு சாவு விழுந்தால் முதலில் மேளத்துக்குச் சொல்லுவார்கள், அடுத்து வீராயிக்குச் சொல்லுவார்கள். செத்தவருக்கு முன்னால் போனவர்களை முறை பிசகாமல் பேர் சொல்லி ஒப்பாரி வைக்க அவளை விட்டால் ஆளில்லை. அப்படிப்பட்டவள் பூங்காவனத்தின் சாவில், செத்துப்போன உடன்பிறப்புகளோடு தம்பி பிச்சைமுத்துவையும் சேர்த்து அழுதுவிட்டாள். அந்தப் பிச்சைமுத்துவோ வாசலில் பாடைக்கு மூங்கில் பிளந்துகொண்டிருந்தார். வீராயிக்கு அவர் கொழுந்தன் முறை.

"அண்ணி, என்னை எப்ப எடுத்தீங்க? எனக்கு ஒரு வார்த்தை சொல்லலியே!" என்று அவர் அரிவாளோடு எட்டிப் பார்த்ததும் இழவுப் பந்தலே சிரித்துவிட்டது.

உப்பைப் போட்டுவிட்டு மறுபடி போடுவதும், கோழியை அடைத்தோமா என்று எழுந்து போய்ப் பார்ப்பதும் முன்பே இருந்ததுதான். அதையெல்லாம் வீராயி சட்டை செய்யவில்லை. பாட்டில் தப்பியதுதான் முள்ளாகத் தைத்தது. இனிமேல் எந்தச் சாவுக்குத் தன்னை முன்னால் உட்காரவைப்பார்கள்?

மருமகள் சுந்தராம்பாள் தினமும் வல்லாரைத் துவையல் அரைத்துப் போட்டாள். கீரை நல்லதுதான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் இறைக்கிற கிணறுதான் ஊறும். துவையலைத் தின்றுவிட்டு மூலையில் முடங்கினால் புத்தி எங்கிருந்து வரும்?

அவளை எழுப்பி உட்காரவைத்தவர், அவள் சாகடித்த கொழுந்தன்தான். கடலை உடைக்கிற நேரம் பார்த்து எதிரே வந்து உட்கார்ந்தார்.

"கீழத்தெரு. வடக்கேருந்து வாங்க. எந்த வூட்ல யாரு இருக்கா, யாரு போயிட்டா?"

"எனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு? போங்க கொழுந்தனாரே."

"என்னைக் கொன்ன பாவம் தீர வேணாமா?"

வீராயி சிரித்துவிட்டாள். சொல்லவும் தொடங்கினாள். மறுநாள் தெற்கிலிருந்து வரச் சொன்னார். தடுமாறினால் பேரை எடுத்துக் கொடுக்க மாட்டார். "அவ எந்த ஊருலேருந்து வாக்கப்பட்டா? கல்யாணத்துல என்ன சண்டை?" என்று வாலைப் பிடித்து இழுப்பார். சண்டை ஞாபகம் வந்தால் பேரும் கூடவே வரும். அலுத்தால் விடுகதை போடுவார்கள், பல்லாங்குழி ஆடுவார்கள். தோற்றால் அவர் அழுகுணி ஆட்டம் ஆடுவார்.

ஆனாலும் சில பேர்கள் வரவே வராது. அன்றைக்கு வீராயி எரிந்து விழுவாள்.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்கண்ணி. குத்துமதிப்பா ஆளைப் பொதைக்காதீங்க."

மாசியில் ஜெகதாம்பாள் செத்துப்போனாள். வீராயி போய்ப் பந்தலில் ஓரமாக உட்கார்ந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. ஆனால் வேறு யாரும் பாட்டை எடுக்கவும் இல்லை. பொறுத்துப் பார்த்தாள். பிறகு தலைமயிரை அவிழ்த்துக்கொண்டு தானே எடுத்தாள். அப்பன் வந்தான், ஆத்தாள் வந்தாள், கட்டினவன் வந்தான். அண்ணன் பேர் மட்டும் வரவில்லை.

வீராயி குத்துமதிப்பாக ஒரு பேரைப் போடவில்லை. பிணத்தின் காலடியில் கல்லாக இருந்த மகளின் தோளைப் பிடித்து இழுத்து, ராகத்தை விடாமலே கேட்டாள்:

"ஒன் தாய்மாமன் பேரை நீயே சொல்லி அழுடி மகளே."

"அமிர்தலிங்க மாமா!" என்று அந்தப் பெண் அலறினாள். அதுவரைக்கும் அவளுக்குக் கண்ணீரே வந்திருக்கவில்லை. பிறகு பந்தலில் அழாத ஆளில்லை.

மறுநாள் பிச்சைமுத்து வந்து நின்றார். "அண்ணி, நேத்து நான் உசுரோட இருந்தேனா?"

"இருந்தீங்க, இருந்தீங்க. கீழத்தெரு, வேப்பமரத்து வூடு" என்றாள் வீராயி, முறத்தை அவர் பக்கம் தள்ளி. "ஒக்காருங்க. இன்னிக்கு மேலத்தெரு."