வெயிலில் கிளம்பாத வண்டி

மாமாவின் பழைய காரை நினைத்தால் முதலில் காதில் விழுவது அந்த ‘டக்’ சத்தம்தான். சாவியைத் திருப்புவார். ஒரே ஒரு ‘டக்’. அதற்குமேல் ஒன்றுமில்லை. டயாலிசிஸ் முடிந்து துவண்டுபோன அத்தை பின்சீட்டில் கண்மூடிச் சாய்ந்திருப்பார்.

கருமத்தம்பட்டியிலிருந்து கோவை ஆஸ்பத்திரிக்கு நானும் துணைக்குப் போவேன். காலையில் வண்டி சமத்தாகக் கிளம்பும். மதியம், வெயிலில் காய்ந்தபின், சில நாள் கிளம்பும், சில நாள் கிளம்பாது. ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துப் போவதற்குள் சூடு தணிந்துவிடும். அங்கே முதல் திருப்பிலேயே உறுமும். “நல்லாத்தானுங்க இருக்குது” என்பார் மெக்கானிக். பேட்டரியை மாற்றினார்கள். ஸ்டார்ட்டர் மோட்டாரையும் மாற்றினார்கள். மறுவாரமே பழைய கதை. வாடகைக் காருக்கு அத்தை சம்மதிக்கவில்லை. முன்பொரு முறை அப்படி ஒரு காரில் வாந்தியெடுத்து, டிரைவரின் முகத்தைப் பார்க்க முடியாமல் குறுகிப்போயிருந்தார்.

ஒருநாள் அத்தை சொன்னார்: “இனி நான் வரலீங்க. அந்த வண்டில காத்துக் கெடக்க முடியாதுங்க.” டாக்டர் எச்சரித்தார், பிள்ளைகள் போனில் அழுதார்கள். அத்தை அசையவில்லை. மாமாவோ வண்டியைச் சரிசெய்துவிட்டால் வந்துவிடுவாள் என்றே நம்பினார்.

மறுநாள் காரை வாசல் வெயிலில் நிறுத்தி, ‘டக்’ என்றதும் வண்டியை நகர்த்தாமல் மெக்கானிக்கை அங்கேயே வரவழைத்தார். மெக்கானிக் மீட்டரை வைத்து ஒவ்வொரு வயராகப் பார்த்தார். என்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் வயரின் போல்ட்டுக்கு அடியில் துரு ஏறியிருந்தது. சூட்டில் அந்த இடம்தான் கரண்டை விடாமல் மறித்திருக்கிறது. சுரண்டி, இறுக்கினார். கொதிக்கிற வெயிலிலேயே கார் கிளம்பியது. மாமா அணைத்து அணைத்துக் கிளப்பிப் பார்த்தார். அத்தனை முறையும் கிளம்பியது.

வீட்டுக்குள் ஓடினார். “அம்மணி, வண்டி சரியாயிருச்சு! நாளைக்குப் போலாம், கண்ணு.”

அத்தை அவரையே பார்த்திருந்தார். “வண்டி சரியாப்போச்சுங்க. எனக்குத்தான் முடியலீங்க. ஊசி குத்திக் குத்தி ஒடம்பு ஓஞ்சுபோச்சு. என்னய உட்டுருங்க.”

அத்தையே பேச்சை மாற்றினார். “கையெல்லாம் கிரீஸு. கழுவிட்டு வாங்க, சோறு போடறேன்.” எழப் பார்த்தார், முடியவில்லை. மாமா ஓடிப்போய்த் தாங்கினார். அத்தையின் வெளிர்மஞ்சள் சேலையில் கருப்பாக அவருடைய விரல்கள் பதிந்தன.

அந்த மாதமே அத்தை போய்விட்டார். அந்தச் சேலையை மாமா இன்னும் துவைக்கக் கொடுக்கவில்லை.