வரவேற்புரை இல்லாத கூட்டம்

என் மனைவியின் கருமாதி முடிந்த அதே வாரத்தில், ஜாலான் புசார் கடைத்தெருவில் ஒரு வாசகர் வட்டத்தில் நான் பேச வேண்டியிருந்தது. எனக்காக ஒப்புக்கொண்டவள் அவள்தான். ஜப்பானை ஷோகுன்கள் ஆண்ட கடைசிக் காலத்தில், கப்பலேறி வந்த அந்நியரோடு பேச அனுப்பப்பட்ட ஓர் அதிகாரியின் வாழ்க்கையை நான் நெடுங்காலம் ஆராய்ந்து வந்தேன். எழுதியதெல்லாம் ஆங்கிலத்தில்.

“நம்ம ஆளுங்களுக்கும் ஒரு தடவ சொன்னா என்ன? நீங்க பேசுவீங்கன்னு நான் சொல்லிட்டேன்,” என்றாள், மருத்துவமனையில் சேர்வதற்குச் சில நாட்களுக்கு முன்.

வட்டத்தை நடத்துபவர் ஹார்டுவேர் கடைக்காரர். கடையின் மாடியில்தான் கூட்டம். கிளமெண்டி வீட்டில் இருந்த என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

“சார், தள்ளி வச்சுக்குவோம் லா. யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க.”

“இல்ல, வரேன். அவ குடுத்த வாக்கு.”

அந்த ஒரு மாலையை முடித்துவிட்டு, இனி எந்தக் கூட்டத்துக்கும் போவதில்லை என்று தீர்மானித்திருந்தேன். அதையாவது குரல் உடையாமல் கடப்பேனா என்பது தெரியவில்லை.

மாடியில் குத்துவிளக்கு ஏற்றவில்லை. பொன்னாடையும் வரவேற்புரையும் இல்லை. நம் கூட்டமொன்றில் இவற்றைத் தவிர்ப்பதற்குக் கடைக்காரர் எத்தனை பேரிடம் பேசிச் சம்மதம் பெற்றிருக்க வேண்டும். சம்பிரதாயச் சிக்கல்களையே படித்து வாழ்ந்த எனக்கு அதன் அருமை உடனே விளங்கியது.

அதிகாரியின் கதையைத் தொடங்கினேன். எளிய குடும்பத்தில் பிறந்து, படிப்படியாக உயர்ந்து, ஜப்பானுக்கு வடக்கே இருந்த பேரரசின் கப்பல்காரர்களைச் சந்திக்கத் துறைமுகத்துக்கு வந்தார். எல்லையைப் பற்றிப் பேசுமுன் இருக்கையைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. வந்தவர்களுக்குத் தரையில் அமர வராது. இவர்களுக்கு நாற்காலி பழக்கமில்லை. ஒரு தரப்பு மற்றதைவிடத் தாழ்ந்திருக்கவும் கூடாது. முடிவில் விருந்தினர் கப்பலிலிருந்து நாற்காலிகளைக் கொண்டுவந்தார்கள். அதிகாரிகள் அதே உயரத்துக்கு மேடை போட்டுக்கொண்டு அமர்ந்தார்கள்.

“அப்ப அன்னிக்கு ஜப்பான்ல நல்லா ஓடுனது பலகை வியாபாரம்தான்,” என்றார் கடைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள்.

பேச்சுவார்த்தை நீண்டபோது, தலைநகரில் விட்டுவந்த மனைவியின் நினைவாகவே இருப்பதாக அந்த அதிகாரி அந்நியரிடம் சொன்னார். அவர்களுக்கு அவரைப் பிடித்துப்போனது. ஆங்கிலத்தில் இதை ஓர் அடிக்குறிப்பாக மட்டும் எழுதியிருந்தேன். தமிழில் சொன்ன பிறகு அடுத்த வாக்கியம் வரவில்லை.

முன்வரிசையில் ஓர் அம்மையார் இயல்பாகக் கேட்டார்: “வந்தவங்களுக்கு என்ன சார் சாப்பாடு போட்டாங்க?”

“சோறு, சூப்பு, மீன்.”

“வேக வச்சதா, பச்சையா?”

“ரெண்டும் இருந்திருக்கும்.”

“பாவம், கப்பல்ல வந்தது போதாதுன்னு பச்சை மீன் வேறயா,” என்றார். மாடியே சிரித்தது. அந்தச் சிரிப்பின் மறைவில் நான் குரலை மீட்டுக்கொண்டேன். அவருக்கு இன்றும் நன்றியுடையவன்.

முடிந்ததும் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொள்ளாமல் இறங்கினார்கள். துக்க வீட்டிலிருந்து கிளம்புபவர்கள் விடைபெறுவதில்லை. அந்த மாடியையும் அன்று அவர்கள் என் வீடாகவே கருதினார்கள். கடைசியாக, தமிழ்நாட்டிலிருந்து வந்து கப்பல் பட்டறையில் பணிபுரியும் பொறியாளர் ஒருவர், பையை மாட்டிக்கொண்டே, “சார், போயிட்டு வரேன்,” என்றுவிட்டார்.

கடைக்காரர் அவரை முறைத்தார். “ஏங்க, உங்களுக்குத் தெரியாதா?”

“ஐயோ, பழக்கத்துல வந்துருச்சு. மன்னிச்சுக்குங்க சார்.” அவர் முகம் வெளுத்துவிட்டது.

மனைவி போனபின் எவரும் என்னிடம் திரும்பி வருவதாகச் சொன்னதில்லை. சொல்லக் கூடாது என்பது வழக்கம். நானும் அந்த வழக்கத்துக்குள் வசதியாக ஒதுங்கியிருந்தேன்.

“வாங்க தம்பி,” என்றேன். “அடுத்த மாசம் வாங்க. அந்த அதிகாரிக்குப் பதவி போன கதைய இன்னும் சொல்லல.”

கீழே வந்து கடையின் இரும்புக் கதவை இழுத்துவிட்டபோதுதான் கடைக்காரர் கேட்டார்.

“அடுத்த கூட்டம் சனிக்கிழமையா சார், ஞாயித்துக்கிழமையா?”

“எது தோதோ, உங்க இஷ்டம்.”

“ஞாயிறுன்னா கடை லீவு. நிதானமா பேசலாம்.”

அப்படியே முடிவாயிற்று.