தள்ளினால் இறங்கும்

திருகோணமலைத் துறைமுகத்தில் பதினான்கு வருடம் கிரேன் ஓட்டியவன் நான். அப்படிப்பட்டவன் ஒரு புதுக் கிரேனுக்குள் ஏறி, எந்தக் கை எதற்கென்று தெரியாமல் முழித்தேன்.

பழைய கிரேனில் நீண்ட இரும்பு லீவர்கள். முன்னே தள்ளினால் மூட்டை ஏறும், என் பக்கம் இழுத்தால் இறங்கும். விட்ட இடத்திலேயே லீவர் நிற்கும். நிறுத்துவதென்றால் நாமே நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். புதியதில் கதிரையின் இரு பக்கமும் கத்தரிக்காய் அளவில் ஒவ்வொரு ஜோய்ஸ்டிக். இடதுகையால் கிரேனைத் திருப்ப வேண்டும், வலதுகையால் ஏற்றி இறக்க வேண்டும். அந்த வலதுகைதான் நேர்மாறு: தள்ளினால் இறங்கும், இழுத்தால் ஏறும்.

பழக்கிவிட வந்த வெளிநாட்டு எஞ்சினியர் இங்கிலிசில் சொன்னார். அதை ஃபோர்மன் சிங்களத்தில் சொன்னார். என் அரைகுறைச் சிங்களத்துக்கு எட்டியதை நான் பிடித்துக்கொண்டேன். நகரில் ஊரடங்கு போடப்போகிறார்களென்ற கதை வந்ததும் இரண்டாம் நாளே எஞ்சினியர் கொழும்புக்குப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் அரிசிக் கப்பல். கீழே லொறிக்குள் நின்று வலையை வாங்குபவன் கிண்ணியாக்காரன், பல வருடம் என்னோடு வேலை செய்த கூட்டாளி. மூட்டை நிறைந்த வலை அவனுக்கு மேலே மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. அப்போது குடாவில் கடற்படை வெடி போட்டது. தண்ணீருக்கடியால் ஆள் நீந்தி வந்து கப்பலுக்குக் குண்டு வைக்கக்கூடாதென்று நாளாந்தம் போடுவதுதான். அன்று ஜெட்டிக்குப் பக்கத்தில் போட்டுவிட்டார்கள். கண்ணாடிக் கூண்டு அதிர்ந்தது. நிறுத்த வேண்டுமென்று நினைத்தேன். இறங்குவதை நிறுத்த லீவரை நடுவுக்குத் தள்ளும் பழைய பழக்கத்தில் கை முன்னே தள்ளியது. வலை வேகமாக இறங்கியது. போதாதென்று நினைத்து இன்னும் தள்ளினேன். இன்னும் வேகம்.

"கைய விடுடா! கைய விடு!"

கீழேயிருந்து கூட்டாளி கத்தியது கேட்டது, விளங்கவில்லை. கையை விட்டால் விழுந்துவிடாதா? ஆனால் விட்டேன். ஜோய்ஸ்டிக் தானாக நடுவுக்கு வந்தது. வலை நின்றது. கூட்டாளி லொறிப் பலகையில் குப்புறப் படுத்திருந்தான். அவன் முதுகுக்கும் மூட்டைக்கும் இடையில் ஒரு முழம்கூட இல்லை.

வலையை உயர்த்தச் சொன்னார்கள். எந்தப் பக்கம் அசைத்தால் உயருமென்று எனக்கு மறந்துபோனது. ஃபோர்மன் ஏறிவந்து என் கைமேல் தன் கையை வைத்து இழுத்தார்.

கூட்டாளி கூண்டுக்குள் வந்தான், சட்டையெல்லாம் அரிசித் தூசு.

"என்ன மச்சான் செய்தனி?"

"நிப்பாட்டத்தான் பாத்தனான்."

"நிப்பாட்டவோ? என்னை நசுக்கப் பாத்தாய்!"

"விட்டா நிக்குமெண்டு உனக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்ல. நீ பிடிச்சிருக்கிற வரைக்கும் வந்துகொண்டே இருந்தது. அதான் விடச் சொன்னனான்."

சாப்பாட்டு நேரம் முழுக்க வெறுங்கொக்கியை ஏற்றி இறக்கினேன். சில தடவை சரியாக வந்தது, சில தடவை யோசித்தும் பிழை வந்தது, யோசிக்காவிட்டாலும் பிழை வந்தது. வீட்டில் இரண்டு அகப்பைக் காம்புகளைப் பிடித்துக்கொண்டு பழகினேன். மனைவி பயந்து, "உங்களுக்கு என்ன நடந்தது?" என்றாள்.

மறுநாள் வேறு ஆள் லொறியில் நிற்பான் என்று நினைத்தேன். அவனேதான் ஏறினான். கூண்டிலிருந்து தலையை நீட்டிக் கேட்டேன்:

"பயமில்லையோ?"

"பயம்தான். உன்னால ஏலாதெண்டா சொல்லு, இறங்கிறன்."

ஏலும் என்று சொல்லவும் துணிவில்லை, ஏலாது என்று சொல்லவும் மனமில்லை. ஜோய்ஸ்டிக்கில் கையை வைத்தேன். அவன் கையைக் காட்டினான்.

"இறக்கு."